கணக்கேட்டில் இருந்த பெயர்கள்



மலாக்காவுக்குப் போய் வந்தவர்கள் ஆற்றங்கரையை ஒட்டி நிற்கும் சிவப்புக் கட்டடங்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். நம் முன்னோர் அவர்களை ஒல்லாந்தர் என்று அழைத்தனர். 1641-ஆம் ஆண்டு போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய அவர்கள், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1825 வரை அதை ஆண்டார்கள். அவர்களுடைய தாய்நாடான நெதர்லாந்து ஏறத்தாழ நம் பகாங் மாநிலத்தின் அளவுதான் இருக்கும். அவ்வளவு சிறிய நாடு உலகின் இரு பக்கங்களிலும் கோட்டை கட்டி, கப்பல் விட்டு, பெருஞ்செல்வம் சேர்த்தது. அந்தச் செல்வம் யாருடைய உழைப்பால் வந்தது? உழைத்தவர்களை அந்த நாடு எப்படி மறந்தது? பின்பு எப்படி நினைத்துப் பார்த்தது? இவற்றைத்தான் இன்றைய பேச்சில் விளக்க முயல்கிறோம்.

1602-ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் கிழக்கிந்தியக் கும்பினி ஒன்றைத் தொடங்கினார்கள். மிளகு, கிராம்பு, சாதிக்காய், துணி ஆகியவற்றை வாங்கி விற்பது அதன் தொழில். தமிழ்நாட்டுக் கரையில் முதலில் பழவேற்காட்டிலும், 1658 முதல் நாகப்பட்டினத்திலும் அவர்கள் காலூன்றினர். துணி வாங்கிய அதே துறைமுகங்களில் மனிதர்களையும் வாங்கினார்கள். மழை பொய்த்துப் பஞ்சம் வந்த காலங்களில், சோற்றுக்கு வழியின்றித் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்கள் ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றப்பட்டனர். பத்தாவியா என்பது இன்றைய ஜக்கார்த்தா. கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்ட ஆசியப் பகுதிகளில் இப்படி விற்கப்பட்டவர்கள் ஆறரை லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

கிழக்கே ஒரு கும்பினி இருந்தது போல, மேற்கே வாணிபம் செய்ய 1621-இல் மற்றொரு கும்பினி தோன்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்துவந்து அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்களில் விற்பது அதன் பெரிய தொழில்களில் ஒன்றாயிற்று. டச்சுக் கப்பல்கள் அப்படி ஏற்றிச் சென்றவர்கள் சுமார் ஆறு லட்சம் பேர். அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கப்பட்ட இடம் சுரினாம்.

சுரினாம் தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கிறது. நம் தீபகற்ப மலேசியாவைவிடச் சற்றுப் பெரிய நாடு, பெரும்பகுதி காடு. 1667-இல் ஆங்கிலேயரிடமிருந்து டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு நடந்த உடன்படிக்கையில், தங்கள் கையைவிட்டுப் போயிருந்த மற்றோர் ஊரைத் திருப்பிக் கேட்காமல் ஆங்கிலேயரிடமே விட்டுவிட்டார்கள். அந்த ஊர்தான் இன்று நியூயார்க் என்று உலகமே அறிந்த மாநகரம். கரும்பு விளையும் சதுப்பு நிலம் அன்று அவ்வளவு இலாபமாகத் தோன்றியது.

தாழ்வான சேற்று நிலத்தில் வாய்க்கால் வெட்டி, வரப்பு உயர்த்தி, மதகு வைத்து நீரை வடிப்பது டச்சுக்காரர்களுக்குக் கைவந்த கலை. சுரினாமில் அந்தக் கலை அவர்களுடையது. மண்வெட்டி பிடித்த கை ஆப்பிரிக்க அடிமையுடையது. கரும்பு, காப்பி, பருத்தி, கொக்கோ ஆகியவற்றை அந்த மண்ணில் விளைவித்தார்கள். தோட்டத்துக்குக் கடன் கொடுத்த பணக்காரர்கள் ஆம்ஸ்டர்டாம் நகரின் மாளிகைகளில் இருந்தார்கள். கொடுமை தாங்காமல் ஓடியவர்கள் ஆற்று வழியே உட்காட்டுக்குள் சென்று ஊர்கள் அமைத்தார்கள். படை அனுப்பியும் அவர்களை அடக்க இயலாமல், 1760-இல் அவர்களில் ஒரு பிரிவினருடன் அரசு சமாதான உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

நேயர்களே, தோட்டமென்றால் கணக்கு இருக்க வேண்டும். இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும், கிராணியார் செக்ரோலில் குறிப்பதும் நாம் அறிந்தவை. சுரினாமிலும் அரசு ஏடுகள் வைத்திருந்தது. 1830 முதல் 1863 வரைக்குமான அடிமைப் பதிவேடுகளில் சுமார் 80,000 பேரின் விவரம் இருக்கிறது. ஒவ்வொரு முதலாளிக்கும் தனிப் பக்கம். அதில் அடிமையின் பெயர், ஆணா பெண்ணா என்பது, தாயின் பெயர், பிறந்தது, விற்றது, இறந்தது ஆகியவை எழுதப்பட்டன. தகப்பன் பெயருக்கு அந்த ஏட்டில் இடமில்லை. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமையும் அடிமைக்கு இல்லை. மனிதரைச் சொத்தாக எண்ணி எழுதிய கணக்கு அது. இந்த ஏடுகளைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேசுவோம், மறந்துவிடாதீர்கள்.

1863-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள், சுரினாமில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அரசு நட்டஈடு கொடுத்தது. யாருக்கு என்று கேட்பீர்கள். அடிமைக்கு ஒரு காசும் இல்லை. முதலாளிக்குத்தான், ஒவ்வோர் அடிமைக்கும் 300 கில்டர் கொடுக்கப்பட்டது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பது இன்னும் வியப்பானது. 1830 முதல் ஜாவாத் தீவின் உழவர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியில் அரசு கேட்ட காப்பியையும் கரும்பையும் அவுரியையும் பயிரிட்டுக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. அதில் கிடைத்த இலாபத்திலிருந்துதான் சுரினாம் முதலாளிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். கிழக்கே ஒருவன் முதுகு வளைந்தான். மேற்கே ஒருவன் கட்டு அவிழ்ந்தது. நடுவில் இருந்தவன் பை நிறைந்தது.

விடுதலை பெற்றவர்களும் உடனே போய்விட முடியவில்லை. மேலும் பத்து ஆண்டுகள் அரசின் கண்காணிப்பில் தோட்ட வேலையே செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டியது. ஆகவே உண்மையான விடுதலை 1873-இல்தான் வந்தது.

விடுதலையானவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டுமல்லவா? அதிகாரிகள் பெயர் சூட்டினார்கள். முதலாளியின் பெயரை அப்படியே வைக்க முடியாது. ஆகையால் சில சமயம் அதைத் திருப்பிப் போட்டார்கள். டெ விரீஸ் என்பது விரீஸ்டெ ஆயிற்று. மோக் என்னும் முதலாளியின் பெயர் கோம் ஆயிற்று. இந்தக் கோம் என்னும் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து ஆண்டுக் கண்காணிப்பு முடிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. டச்சு அரசு பிரிட்டிஷ் அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தது. 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட லாலா ரூக் என்னும் கப்பல், சுமார் 400 பேருடன் ஜூன் மாதத் தொடக்கத்தில் சுரினாமை அடைந்தது. 1916 வரை இப்படி 34,000-க்கும் மேற்பட்டோர் சென்றனர். பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளின் போஜ்புரி முதலான மொழிகள் பேசிய உழவர்கள். 1890 முதல் ஜாவா மக்களும் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் தொகையும் 30,000-ஐத் தாண்டியது.

அடிமை முறையும் ஒப்பந்த முறையும் ஒன்றென்று சொல்வது சரியாகாது. ஒப்பந்தக் கூலியை யாரும் விற்க முடியாது. அவன் பிள்ளை முதலாளிக்குச் சொத்தாகாது. ஐந்து ஆண்டு முடிந்தால் ஊர் திரும்பலாம், மூவரில் ஒருவர் திரும்பினார்கள். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வேலைக்கு வராமல் நின்றால் அது கூலி பிடிக்கும் விவகாரமாக முடியவில்லை. குற்றமாகக் கருதிச் சிறையில் அடைத்தார்கள். தோட்டம் அதே தோட்டம். குடியிருப்பும் பல இடங்களில் அடிமைகள் விட்டுப்போன அதே குடியிருப்பு.

1884-இல் சோர்க் என் ஹோப் என்னும் தோட்டத்தில் கூலிகள் எதிர்த்து நின்றபோது, முன்னணியில் நின்ற ஜேனி தெத்தாரி என்னும் இளம்பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் தோட்டத்தின் பெயருக்கு 'அக்கறையும் நம்பிக்கையும்' என்று பொருள். 1902-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மரியன்பர்க் சர்க்கரைத் தோட்டத்தில், கூலி குறைக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த கலகத்தில் துரை கொல்லப்பட்டார். மறுநாள் படையினர் சுட்டதில் 24 இந்தியத் தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களை ஒரே குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தார்கள். அந்தக் குழி இருக்கும் இடம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இனி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பெயருக்கு வருவோம். அன்டன் டெ கோம் என்பவர் 1898-ஆம் ஆண்டு சுரினாமின் தலைநகரான பாரமரிபோவில் பிறந்தார். அவருடைய தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். டெ கோம் படித்த பள்ளியில் டச்சுத் தளபதிகளின் பெருமையைப் பாடமாக நடத்தினார்கள். காட்டுக்குள் ஓடிப் போரிட்ட தம் இன வீரர்களைப் பற்றி ஒரு சொல்லும் கற்பிக்கவில்லை. தன் பாட்டன் கதை இல்லாத பாடப்புத்தகத்தைப் படிக்கும் பிள்ளை தன்னைத் தாழ்வாகவே எண்ணிக்கொள்வான் என்பதை அவர் உணர்ந்தார். பள்ளியில் பணிபுரியும் எங்களைப் போன்றோர் மறக்கக் கூடாத உண்மை இது.

1920-இல் நெதர்லாந்துக்குச் சென்று பிழைத்த டெ கோம், 1933-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சுரினாம் திரும்பினார். தகப்பனார் வீட்டு முற்றத்தில் மேசை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, வருவோரின் குறைகளைக் கேட்டு எழுதினார். ஆப்பிரிக்க வழியினர் வந்தார்கள், இந்தியர்கள் வந்தார்கள், ஜாவா மக்கள் திரண்டு வந்தார்கள். அதுவரை ஒருவரையொருவர் ஒதுங்கிப் பார்த்து வாழ்ந்த மூன்று இனத்தாரும் ஒரே வரிசையில் நின்றதைக் கண்டு அரசு அஞ்சியது. பிப்ரவரி முதல் நாள் அவரைக் கைது செய்தார்கள். ஏழாம் நாள், அவரை விடுவிக்கும்படி கேட்டுக் கூடிய மக்கள்மீது காவலர் சுட்டதில் இருவர் இறந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பின்பு வழக்கும் விசாரணையும் இன்றி அவரை நெதர்லாந்துக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

அங்கே அவர் வேலை கிடைக்காமல் துன்புற்றார். ஆயினும் நூலகங்களில் அமர்ந்து பழைய ஏடுகளைப் படித்து, 1934-இல் 'சுரினாமின் அடிமைகளாகிய நாங்கள்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். 'நாங்கள்' என்னும் அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அதுவரை அடிமைகளைப் பற்றி முதலாளியும் அதிகாரியும் எழுதினார்கள். அவர்களுக்கு அடிமைகள் 'அவர்கள்'. அடிமையின் மகன் எழுதியபோது அது 'நாங்கள்' ஆயிற்று. நூலில் சில பகுதிகளை மாற்றிய பிறகே வெளியிட விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நெதர்லாந்தைப் பிடித்தபோது, தன்னை நாடுகடத்திய அந்நாட்டின் விடுதலைக்காகவே டெ கோம் மறைமுகமாகப் பாடுபட்டார். 1944-இல் பிடிபட்டு, போர் முடியச் சில நாட்களே இருந்த 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜெர்மானியச் சிறைமுகாமில் உயிர் நீத்தார்.

அவருடைய நூலை வெகுகாலம் யாரும் தேடவில்லை. 1960-களில் நெதர்லாந்தில் படித்துக்கொண்டிருந்த சுரினாம் மாணவர்கள் அதைத் தேடியெடுத்துப் பரப்பினார்கள். 1971-இல் அது மீண்டும் அச்சேறியது. 1975-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சுரினாம் விடுதலை அடைந்தது. அந்தக் காலத்தில் அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நெதர்லாந்தில் குடியேறினர். பேருந்து ஓட்டுநராகவும் தாதியராகவும் ஆசிரியராகவும் அவர்கள் டச்சுக்காரர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனார்கள். கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று மறந்திருந்தது, இப்போது அதே தெருவில் குடிவந்து கதவைத் தட்டியது.

1998-இல் பெண்கள் அமைப்பு ஒன்று, அடிமைகளுக்கு நினைவுச் சின்னம் வேண்டுமென்று நாடாளுமன்றத்திடம் மனுக் கொடுத்தது. 2002-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ஆம்ஸ்டர்டாமின் ஊஸ்டர் பூங்காவில் அரசியார் முன்னிலையில் சின்னம் திறக்கப்பட்டது. ஆனால் விழாவுக்கு வந்த அடிமை வழித்தோன்றல்களைத் தடுப்பு வேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். அழைக்கப்பட்ட பெரியோர் உள்ளே, யாருக்காகச் சின்னமோ அவர்கள் வெளியே! அந்த வேதனையை அம்மக்கள் இன்றும் சொல்கிறார்கள். சின்னம் வைப்பது எளிது. வேலியை எடுப்பது கடினம்.

அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஜூலை முதல் நாளை 'கெட்டி கோட்டி', அதாவது சங்கிலி அறுந்த நாள், என்று கொண்டாடினார்கள். 2020-இல் டச்சுப் பள்ளிகளுக்கான ஐம்பது வரலாற்றுப் பாடப் பொருள்களில் ஒன்றாக அன்டன் டெ கோம் சேர்க்கப்பட்டார். பாடப்புத்தகத்தில் தன் இனத்தாரைத் தேடிக் காணாத சிறுவன், தானே பாடமானான். 2021-இல் நாட்டின் மிகப்பெரிய அருங்காட்சியகம் பத்து மனிதர்களின் வாழ்க்கை வழியாக அடிமை வரலாற்றைக் காட்டியது. அதில் தோட்டத்து அடிமையும் இருந்தார்; ரெம்பிராண்டு என்னும் புகழ்பெற்ற ஓவியர் தீட்டிய செல்வச் சீமாட்டியும் இருந்தார். அந்தச் சீமாட்டியின் கணவர் குடும்பம் சர்க்கரைத் தொழிலில் பணம் சேர்த்தது. அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்கள் பிரேசில் நாட்டு அடிமைகள்.

அரச குடும்பத்துக்கும் கேள்வி வந்தது. 1898-இல் ஆம்ஸ்டர்டாம் மக்கள் அரசியாருக்கு அன்பளிப்பாகத் தந்த தங்கக் கோச்சு வண்டியின் ஒரு பக்கத்தில், குடியேற்ற நாட்டு மக்கள் பணிந்து காணிக்கை செலுத்தும் ஓவியம் இருக்கிறது. இனி இப்போதைக்கு அந்த வண்டியைப் பயன்படுத்துவதில்லை என்று 2022 ஜனவரியில் மன்னர் அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் பிரதமர் மார்க் ருட்டே, அடிமை முறைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். எங்களைக் கலந்து பேசாமல் நாள் குறித்துவிட்டார்களே என்று சுரினாம் வழியினர் பலர் வருந்தினர். 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், முன்பு வேலி போட்ட அதே பூங்காவில், மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் மக்கள் முன் நின்று மன்னிப்பு வேண்டினார்.

மன்னிப்பினால் என்ன பயன், மாண்டவர் மீள்வாரா என்று கேட்கலாம். மீள மாட்டார்தான். ஆனால் நடந்தது நடந்தது என்று ஒப்புக்கொள்ளாத வரையில், பாதிக்கப்பட்டவனின் பேரன் தன் கதையைச் சொல்லும் போதெல்லாம் அதற்குச் சாட்சி கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஒப்புக்கொண்ட பிறகு, சாட்சி தேடும் சுமை அவன் தலையிலிருந்து இறங்குகிறது.

இப்போது அந்தப் பதிவேடுகளுக்குத் திரும்புவோம். அண்மையில், நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றும், அன்டன் டெ கோம் பெயரைத் தாங்கிய சுரினாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்த ஏடுகளைப் படமெடுத்தன. நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் ஒவ்வொரு வரியையும் படித்துப் பெயர்த்தெழுதினார்கள். 2018-இல் அது கணினி வழியே யாரும் பார்க்கும்படி திறந்துவிடப்பட்டது. தன் குடும்பப் பெயரைக் கொண்டு தேடுபவர், 1863-இல் விடுதலையான பாட்டியைக் காணலாம்; அவர் தாயின் பெயரையும் காணலாம். இந்தியாவிலிருந்து சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களின் பதிவுகளும் அவ்வாறே திறந்திருக்கின்றன. பெயர், ஊர், கப்பல், தோட்டம் எல்லாம் அதில் உண்டு. முதலாளி சொத்துக் கணக்குக்காக எழுதிய ஏடு, பேரப்பிள்ளைகளின் கையில் குடும்ப வரலாறாக மாறிவிட்டது. பாரமரிபோவில் முதலில் வந்திறங்கிய இந்தியர்களின் நினைவாக ஆணும் பெண்ணுமாக 'பாபாவும் மாயியும்' சிலையாக நிற்கிறார்கள். 2017-இல் ஜேனி தெத்தாரிக்கும் சிலை வைத்தார்கள்.

நேயர்களே, எந்த நாடும் தன் மறதியைத் தானாகக் கலைத்துக்கொள்வதில்லை. பெயரைப் பாதுகாத்து வைத்தவர்களும், விடாமல் கேட்டவர்களும் இருந்ததால்தான் அங்கே நினைவு பிறந்தது. மனுக் கொடுத்த பெண்களும், நூலைத் தேடிய மாணவர்களும், ஏட்டைப் பெயர்த்தெழுதிய சாதாரண மக்களும்தான் அதைச் செய்தார்கள்.

நம் நிலையைச் சற்று எண்ணுவோம். எத்தனையோ தோட்டங்கள் விற்கப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. ஆபீசு மாறும்போது பழைய செக்ரோல்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார் இல்லை. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் உட்காரட்டும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாருடன் வந்தார்கள், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், எந்த வேலை, எந்தத் தண்டல், எத்தனை பிள்ளைகள் பிறந்து எத்தனை பேர் தங்கினர் என்று கேட்டு எழுதட்டும். தகப்பன் வழிப் பெயர்களோடு பாட்டிமார் பெயர்களையும் மறவாமல் எழுத வேண்டும். பெட்டியடியில் கிடக்கும் பழைய பிறப்புச் சான்று, சிவப்பு அடையாள அட்டை, சம்பளத் துண்டு ஆகியவற்றைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். கோயில் சுவரில் உபயகாரர் பெயர் பொறித்த கல் இருந்தால், வெள்ளையடிக்கும் முன் அதைப் படியெடுத்து வையுங்கள்.

சுரினாம் மக்களுக்குப் பிறர் எழுதிய ஏடாவது மிஞ்சியது. நம் வீட்டு ஏட்டை நாமே எழுதலாம். எழுதக் கற்ற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.